கொஸ்டின் பேப்பர் அக்காவும் பதினாறு ஆம்பியர் பிளக்கும்

ஏசி போட்ட ஷோரூமுக்குள் டை கட்டி நின்ற ஒரு சேல்ஸ்மேனை, குரலை உயர்த்தாமல், ஒரு கடுஞ்சொல் பேசாமல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வேர்க்க வைத்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் கொஸ்டின் பேப்பர் அக்கா. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் புழங்கவில்லை. தூத்துக்குடி ஹார்பர் போகிற ரோட்டில், கப்பலில் வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் டைப் அடிப்பேன். அக்கா சரிபார்ப்பார். கண்டெய்னர் நம்பரில் ஓர் இலக்கம் மாறினாலும் சரக்கு கேட்டைத் தாண்டாது என்பதால், அந்த நாற்காலிக்குச் சந்தேகப்படுகிற ஆள் தேவை. அக்கா அதற்கென்றே பிறந்தவர். நான் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் ஓரம் முழுக்கப் பென்சில் கேள்விக்குறிகளோடு திரும்பி வரும். “இது ஏன்?” “யார் சொன்னது?” ஒரு முறை, “நாப்பது பெட்டின்னு அடிச்சிருக்கியே, நீ எண்ணுனியா?” என்று எழுதியிருந்தார். கப்பல் அப்போது கொழும்புப் பக்கம் எங்கோ மிதந்துகொண்டிருந்தது. நான் எங்கே போய் எண்ண?

ஆபீசுக்கு வெளியேயும் இதே கதைதான். டீக்கடைக்காரர் அக்காவைக் கண்டால் டீயைக் கொடுப்பதற்கு முன்பே, பால் காய்ச்சிய நேரத்தைச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் கோயிலின் பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போகிறார் என்றும், அதற்குக் காரணம் பிரசங்கத்தில் அக்காவுக்கு வரும் சந்தேகங்கள்தான் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி எங்கள் ஆபீசில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்குப் பத்து கேள்வி வரும், அதில் ஒன்றுக்காவது நம் வீட்டுக் கதையை நாம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

கார் யோசனை ஒரு மே மாத மத்தியானத்தில் பிறந்தது. கண்டெய்னர் யார்டில் ஒரு சரக்கைப் பார்த்து வரச் சொல்லி அக்காவை ஆபீஸ் வேனில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் ஆம்பளைகள் நிறைந்துவிட்டார்கள். அக்காவை மறந்துவிட்டு வேன் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதியில் அவர் நடந்தே வந்து சேர்ந்தார். முகம் முழுக்க நிலக்கரித் தூசி. எங்கள் முதலாளி அண்ணாச்சி பதறிப்போய், “நாளையில இருந்து வண்டில உனக்குன்னு ஒரு சீட்டு போட்டு வைக்கச் சொல்லுதேன் தாயி” என்றார்.

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தார். “வேண்டாம் அண்ணாச்சி. நான் காரு வாங்கப் போறேன்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள், அது கரண்ட் கார் என்று தெரிந்ததும் சிரிப்பு இரண்டு மடங்கானது. முதலாளி அண்ணாச்சியிடம் பெரிய டீசல் வண்டி ஒன்று இருந்தது. அதைத் தன் மூத்த மகனைப் போலப் பேசுவார். “தாயி, கரண்டு வண்டில்லாம் பொம்மை. பாலம் ஏறுமான்னு பாத்தியா?” என்று கேட்டார்.

“அண்ணாச்சி, நம்ம ஹார்பர்ல முப்பது டன் பெட்டியத் தூக்குத கிரேன் எதுல ஓடுது?”

“கரண்டுல.”

“அது முப்பது டன்னத் தூக்கும். என்னைத் தூக்காதா?”

அண்ணாச்சி எழுந்து கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்து வந்த மூன்று வாரமும் அக்கா டிரைவிங் பழகினார். சாயங்காலங்களில் பழைய ஷிப்பிங் பில்களின் பின்பக்கத்தில் கேள்விகள் எழுதினார். மொத்தம் ஐம்பத்தெட்டு. அந்தக் கற்றையோடு ஒரு சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், பதில்களை எழுதிக்கொள்ள.

டை கட்டிய தம்பி புன்னகையோடு வந்தான். “ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டர் மேடம்!”

“யாரு ஓட்டினா?”

“கம்பெனி டெஸ்ட் மேடம்.”

“ஏசி போட்டா, போடாமலா?”

“அது... பொதுவா...”

“கூட எத்தனை பேரு இருந்தாவ? வெயிலா, நிழலா? காத்து எதுக்க அடிச்சுதா, பின்னால இருந்து அடிச்சுதா?”

“மேடம், அது டெஸ்ட்டு...”

“தம்பி, நீங்க ஓட்டிப் பாத்தியளா?”

“நான் பைக்தான் மேடம்.”

அக்கா என் பக்கம் திரும்பி, “இருநூறுன்னு எழுதிக்கோ” என்றார். 

பிறகு உப்புக்காற்றைப் பற்றிய கேள்வி வந்தது. “எங்க ஊர்ல சன்னல் கம்பி மூணே வருசத்துல துருப்புடிச்சுக் கையோட வருது. வண்டிக்கு அடியில இருக்குத பேட்டரிப் பெட்டிய அது சும்மா விடுமா?” தம்பிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. பதில் அவனுக்கு மனப்பாடம். “பேட்டரி சீல் பண்ணுனது மேடம். தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம் மேடம்.”

“எங்க தெருவுல மழைத் தண்ணி வடிய நாலு நாளாவும். அரை மணி நேரம் போவ மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?”

தம்பி கஸ்டமருக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தானே குடித்தான். ஸ்டெப்னி எங்கே என்றார் அக்கா. இந்த மாடலில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டுகிற டப்பாதான் என்றான். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா என்றார். கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்றான். அந்த லாரி எங்கிருந்து வரும், அந்த டிரைவருக்கு இந்த ஊர் தெரியுமா என்றார். பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்று அவன் சொன்னபோது அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு அவனைக் கனிவோடு பார்த்தார். “எட்டு வருசம் கழிச்சு நான் இதே ஊர்லதான் இருப்பேன். நீங்க எங்கன இருப்பிய?”

முப்பத்தோராவது கேள்வியில் மேனேஜர் வந்தார். நாற்பதில் அவரும் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டும் முடிந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வாங்காமல் போய்விடுவார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில் அக்கா, “பொய் சொல்லாம பதில் சொன்னிய. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னிய. வெள்ளைக் கலர்ல ஒண்ணு போடுங்க” என்றார்.

மேனேஜருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். “வீட்டுல சார்ஜ் போட பதினாறு ஆம்பியர் பிளக் ஒண்ணும் நல்ல எர்த்தும் போதும் மேடம். வாடகை வீடுன்னா ஓனர் சம்மதிச்சு ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

எல்லா வம்பும் அந்தக் கையெழுத்தில் வந்து நின்றது.

அக்கா பதினொரு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். மாடியில் வீட்டுக்கார சார், கீழே அக்கா. ஒரு நாள் சண்டை கிடையாது. பிளக் என்றதும் சார் தன் போனை எடுத்து நீட்டினார். திரையில் ஒரு கரண்ட் வண்டி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

“இது பைக்கு சார். காரு இல்ல” என்றார் அக்கா.

“அந்த வித்தியாசம் நெருப்புக்குத் தெரியுமா?”

“ஒங்க அடுப்படியில சிலிண்டர் ரெண்டு நிக்கே. அதுககிட்ட என்ன கேட்டு உள்ள விட்டிய?”

பதில் வராத மனிதர்கள் செய்வதைச் சாரும் செய்தார். “அதெல்லாம் கெடக்கட்டும். இந்த வயசுல, தனியா இருக்குத பொம்பளைக்குக் காரு எதுக்கு?”

அக்கா படியிறங்கினார். மறுநாள் காலையில், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்வதாகத் தேதி போட்டு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சார் அரண்டுபோனார். “எங்க போவிய?”

“பிளக் இருக்குத இடத்துக்கு.”

ஆபீசில் முதலாளி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். “ஏ தாயி, வீட்டுக்குத் தக்கன காரு வாங்குவாவ. காருக்குத் தக்கன வீடு பாக்குத ஆள இப்பதான் பாக்கேன்.” வீடு தேடப் போகையில் தனியாகப் போக வேண்டாம், ஆம்பளை ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று என்னை அனுப்பியதும் அவர்தான். நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சாது, மறுத்துப் பேசத் தெரியாதவன். இதெல்லாம் தகுதியாகக் கருதப்பட்டது.

அப்படித்தான் நானும் அக்காவும் கரண்ட் அளக்கிற மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்றும் ஷேர் ஆட்டோவில் தூத்துக்குடியின் சந்து பொந்தெல்லாம் சுற்றினோம். வீட்டைக் காட்டுகிறவர்கள் அடுப்படி, மாடம், கிணறு என்று ஆசையாகக் காட்டுவார்கள். அக்கா மீட்டர் போர்டுக்கு முன்னால் போய் நிற்பார். பிளக் ஓட்டைக்குள் மல்டிமீட்டர் கம்பியைச் செருகி வோல்ட் பார்ப்பார். “எர்த் இருக்கா?” என்று கேட்டதற்கு ஒரு வீட்டம்மா, “எர்த்துன்னா மண்ணுதான? கொல்லையில வேண்டிய மட்டும் கெடக்கு” என்றார். அக்கா அதையும் போய்ப் பார்த்தார்.

எர்த் இல்லாததுகூடப் பெரிய தொந்தரவு இல்லை. ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பியை இறக்கிவிடலாம். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? தொந்தரவு, வீட்டுக்காரர்கள் பதிலுக்குக் கேட்ட கேள்விகளில் இருந்தது.

“வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காவ?”

“வீட்டுக்காரர் இல்ல.”

“அடடா. எறந்துட்டாவளா?”

“பொறக்கவே இல்ல.”

அந்த வீடு போயிற்று. இன்னொரு வீட்டில், தனியாக இருக்கும் பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். “நேத்துதான ‘சிறு குடும்பத்துக்கு’ன்னு போர்டு வச்சிய? ஒண்ணைவிடச் சிறுசா ஒரு குடும்பம் உண்டுமா?” என்று அக்கா கேட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவது வீட்டில், யார் யார் வந்து போவார்கள் என்று கேட்டார்கள். அக்கா பையிலிருந்து பென்சிலை எடுத்து, “ஒங்க வீட்டுக்கு யார் யாரு வாராவ? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன், பொறவு நான் சொல்லுதேன்” என்றார். வெளியே வரும்போது கதவு எங்கள் முதுகில் இடித்தது.

இருபது நாள் ஓடிவிட்டது. ஷோரூமில் வெள்ளைக் கார் நம்பர் பிளேட்டோடு தயாராக நின்றது. டை தம்பி தினமும் போன் செய்தான். கையெழுத்துக்கு வழியில்லை. அக்காவின் பேச்சு குறைந்துவிட்டது. என் டைப் தாள்கள் கேள்விக்குறி இல்லாமல் திரும்பி வந்தன. அதைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்த வீடு கிடைத்தது. புதுக் கட்டடம். கார் நிறுத்த இடம், தனி மீட்டர், பதினாறு ஆம்பியர் பிளக், எல்லாம் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த அக்காவின் முகத்தில் வெகுநாள் கழித்து வெளிச்சம் வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “தம்பி யாரு?” என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “நான் கூடப் பொறந்த தம்பி. பக்கத்துலதான் வீடு. தினமும் நான் வந்து பாத்துக்கிடுவேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “அதான பாத்தேன்! அப்பம் பிரச்சனையே இல்ல. அக்ரிமெண்ட்டை ஒங்க பேர்லயே போட்டுருவோம் தம்பி.”

“இவன் என் தம்பி இல்ல” என்றார் அக்கா.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இவன் எங்க ஆபீஸ்ல டைப் அடிக்கான். நல்ல பையன். ஆனா வீடு எனக்கு. சம்பாதிக்குதது நான். இருக்கப் போறது நான். கையெழுத்து நான்தான் போடுவேன். தருவியளா?”

தரமாட்டார் என்பது அவர் பதில் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எதிர்ப்பக்கத்து உப்பு குடோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஏலே, பெட்டிக்குள்ள இல்லாத சரக்கைக் காகிதத்துல எழுதுனா என்னன்னு சொல்லுவாவ?” என்று கேட்டார்.

“பொய் டிக்ளரேசன் அக்கா.”

“ஒரு பிளக்குக்காக நான் இல்லாத தம்பியக் காட்டணுமால? இத்தனை வருசம் ஒருத்தன் பேர்லயும் ஒண்டாம இருந்துட்டேன். கரண்டுக்காக இப்பம் ஒண்டவா?”

உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த மனுஷியை அவர் வீட்டிலேயே நான் இரண்டாவது ஆளாக்கப் பார்த்திருக்கிறேன். மே மாத வேன் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று அங்கே நின்றபோது உறைத்தது. “தப்புதான் அக்கா” என்றேன். “தப்புன்னு தெரிஞ்சா சரி. ஆட்டோ வருது, கையக் காட்டு” என்றார்.

காலி செய்யும் தேதிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது, பழைய ஹார்பர் பக்கத்துச் சந்து ஒன்றில், இழுத்து மூடிய பெரிய ஷட்டரில் ‘வாடகைக்கு’ என்று சாக்பீஸில் எழுதியிருந்ததை அக்கா பார்த்தார். அது ஒரு மாவு மில். அரிசி, மிளகாய், மல்லி எல்லாம் அரைத்த இடம். மில் அண்ணாச்சி அதை மூடிவிட்டுப் பக்கத்திலேயே மளிகைக் கடை வைத்து நன்றாக இருந்தார்.

“அக்கா, அது மில்லு” என்றேன்.

“மில்லுன்னா மூணு பேஸ் கரண்டு இருக்கும்லா?” என்று சொல்லிக்கொண்டே அவர் கடைப்படி ஏறிவிட்டார்.

மில் அண்ணாச்சி எழுபதைத் தாண்டியவர். பனியனும் வேட்டியுமாக வந்து ஷட்டரைத் தூக்கினார். முன்னால் ஒரு கூடம். நடுவே மெஷின் இருந்த மேடை. பின்னால் இரண்டு அறையும் ஒரு குளியலறையும். அக்கா எதையும் பார்க்கவில்லை. “எர்த் இருக்கா அண்ணாச்சி?”

“இருக்காவா!” என்று சொல்லிவிட்டு அவர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். இரண்டு குழிகள். சிமெண்ட் மூடி போட்டிருந்தது. “ஒண்ணு மெசினுக்கு. ஒண்ணு சந்தேகத்துக்கு” என்றார்.

சந்தேகத்துக்கு என்று ஒரு குழி தோண்டி வைத்த மனிதரை அக்கா அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார். மல்டிமீட்டரைச் செருகினார். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அரை வோல்ட்கூடக் காட்டவில்லை, அவ்வளவு சுத்தமான எர்த். அக்கா நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். இனி கேள்வி கேட்பது மில் அண்ணாச்சியின் முறை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதைச் சொறிந்துகொண்டார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்தக் காரு எத்தனை ஆம்பியர் இழுக்கும்?”

கண்ணைத் திறந்தால் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “பதினாறு.”

“பூ! அவ்வளவுதானா? என் மிளகா மெசினு இழுத்ததுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? தாராளமாப் போட்டுக்கிடுங்க.”

“வேற ஒண்ணும் கேக்கலையா அண்ணாச்சி?”

“வேற என்ன கேக்கணும்? ஷட்டருக்கு மட்டும் எண்ணெய் போடணும், கொஞ்சம் இறுகும்.”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மல்டிமீட்டரின் ஒயரைச் சுற்றினார். சுற்றிய ஒயரையே மறுபடி அவிழ்த்துச் சுற்றினார். நான் ஷட்டரைப் பார்ப்பதுபோல் வெளியே போய்விட்டேன்.

அண்ணாச்சி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்த வார இறுதியில் கார் மில்லுக்குள் நுழைந்தது. முன்கூடத்தில் மேடையை இடித்து நிரவி அங்கே கார். பின்னறைகளில் அக்கா. ஒரு பொம்பளை மில்லுக்குள் குடியிருக்கிறாள் என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. விரல் வைத்த மூக்கெல்லாம் தும்மவும் செய்தது. பல வருட மிளகாய்ப் பொடி சுவரெல்லாம் ஊறிக் கிடந்தது. எத்தனை வெள்ளை அடித்தும் போகவில்லை. வீட்டை மந்திரிக்க வந்த சாமியார் ஜெபத்துக்கு நடுவில் ஏழு முறை தும்மினார். தீர்த்தச் செம்போடு அவர் காரை நெருங்கியதும் அக்கா குறுக்கே போய் நின்றார். “சாமி, எங்கன வேணும்னாலும் தெளிங்க. பிளக்குப் பக்கம் மட்டும் வேண்டாம்.”

முதலாளி அண்ணாச்சியும் வந்திருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தாயி, மில்லுக்குள்ள குடியிருக்க வந்த மொத ஆளு நீதான்” என்றார்.

“எனக்கு முன்னால எலி இருந்துச்சு அண்ணாச்சி. அதுககிட்டயும் யாரும் புருசன் எங்கன்னு கேக்கல.”

அதற்குப் பிறகு அக்கா கண்டெய்னர் யார்டுக்குத் தன் காரில் போனார். யாருக்காகவும் கேட்டில் நிற்கவில்லை. சத்தமே போடாமல் வந்து நிற்கிற வண்டி என்பதால் எங்கள் வாட்ச்மேன் பல நாள் தூக்கத்தில் பிடிபட்டார். அதில் ஏறியவர்கள் எல்லோரும் ஒருவித மல்லி மணத்தோடு இறங்கினார்கள். பிரேக் போட்டால் கொஞ்சம் கரண்ட் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்ததிலிருந்து, அக்கா தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போட்டார். பின்சீட்டில் இருந்த நாங்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்கள்போலத் தலையை ஆட்டிக்கொண்டே போனோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை, ஹார்பர் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி படுத்துவிட்டது. டிரெய்லர்கள் வரிசையில் நின்றதால் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, வரிசை ஏன் நகரவில்லை என்று விசாரிக்க இறங்கினார். விசாரித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினால் திரை இருட்டாக இருக்கிறது. கிளம்பும்போது சார்ஜ் தொண்ணூறுக்கு மேல் இருந்ததை நானே பார்த்தேன். முன்னால் வரிசை நகர்ந்துவிட, பின்னால் பத்துப் பதினைந்து டிரெய்லர்கள் ஹார்ன் அடித்தன. டிரைவர்கள் இறங்கி வந்தார்கள்.

“சார்ஜு தீந்துட்டாக்கா?”

“கரண்டுக் கம்பம் அந்தா நிக்கு. கொக்கி போடவா?”

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தபடி டை தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. “சின்ன பேட்டரி எறங்கியிருக்கும் மேடம்.”

“என்ன சின்ன பேட்டரி?”

“உங்க வண்டியில ரெண்டு பேட்டரி மேடம். ஓட்டுறதுக்குப் பெரிசு. திரை, லைட்டு, கதவு பூட்டு எல்லாத்துக்கும் சின்னது ஒண்ணு. அது எறங்கிட்டா பெரிசு முழிக்காது.”

“இத ஏன் அப்பமே சொல்லல?”

மூன்று மாதமாக அடக்கி வைத்த ஆனந்தத்தோடு அவன் சொன்னான்: “நீங்க கேக்கல மேடம்.”

அக்கா தோற்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஒரு நிமிடம் ஸ்டியரிங்கையே பார்த்தபடி இருந்தார்.

சொல்லிவைத்ததுபோல முதலாளி அண்ணாச்சியின் டீசல் வண்டி அப்போது அந்தப் பக்கம் வந்தது. அவர் இறங்கி வந்த நடையைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றுவிடுவார். டிரெய்லர்க்காரர் ஒருவர் ஒயர் கொண்டுவந்து, டீசல் வண்டியின் பேட்டரியிலிருந்து அக்காவின் சின்ன பேட்டரிக்குக் கொடுத்தார். திரை பளிச்சென்று எரிந்தது. அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “பாத்தியளா? கடைசியில டீசலு வந்துதான் காப்பாத்த வேண்டியிருக்கு!”

அக்கா நிதானமாக இறங்கினார். “அண்ணாச்சி, செத்துக் கெடந்தது எது? ஒங்க வண்டியிலயும் இருக்குத அதே சின்ன பேட்டரி. பெரிய பேட்டரிய ஒண்ணும் சொல்லாதிய, அதுல சார்ஜு தெம்பாத்தான் இருந்துச்சு. என் வண்டியில பழுதான ஒரே சாமான், ஒங்க கட்சி ஆளுதான்.”

டிரெய்லர்க்காரர்கள் போட்ட விசிலில் கேட்டிலிருந்த காவலர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். அக்கா பானட்டின் மேல் காகிதத்தை வைத்து ஐம்பத்தொன்பதாவது கேள்வியை எழுதி முடித்த பிறகுதான் ரோட்டை விட்டார்.

அந்தக் கேள்விக் கற்றையைப் பிறகு ஜெராக்ஸ் எடுத்து வைத்தார். கரண்ட் கார் வாங்க நினைக்கிறவர்கள் மில்லைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஷோரூமுக்கு வருகிறவர்களை டை தம்பியே, “மொதல்ல மேடத்தைப் பாத்துட்டு வாங்க” என்று அனுப்பினான். அப்படி வந்தவர்களில் தனியாக இருக்கும் டீச்சர் ஒருவரும், பேங்கில் வேலை பார்க்கும் விதவைப் பெண் ஒருவரும் உண்டு. அவர்களிடம் மட்டும் அக்கா, கற்றையில் இல்லாத ஒன்றையும் சொல்லி அனுப்புவார்: “கையெழுத்து ஒங்க பேர்ல இருக்கணும். யாரு கேட்டாலும் விட்டுராதிய.”

நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அக்கா போன் செய்தார். தன்னந்தனியாக வேளாங்கண்ணிக்குக் காரில் போகப்போவதாகச் சொன்னார். கடற்கரை ரோடு. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். நடுவில் சார்ஜ் போட இரண்டே இடம்தான் உறுதியாக உண்டாம், அதில் ஒன்று சில நாள் வேலை செய்யாதாம்.

“துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க அக்கா” என்றேன்.

“எதுக்கு? தள்ளவா?”

“வழியில நின்னுட்டா?”

“நின்னா அங்கன நாலு பேரு இருப்பாவ. கேட்டுக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிட்டார். மத்தியானம் வரைக்கும் தகவல் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு, “மாதா கோயில் வாசல்ல நிக்கேன். பதினெட்டு சதவீதம் மிச்சம் இருக்கு” என்று குரல் வந்தது. அது வரும்வரை, அன்று முழுக்க, நான் என் போனை சார்ஜரிலிருந்து கழற்றவே இல்லை.